ஐஸ் மெஷினா? கேஸை அப்புறம் பார்க்கலாம்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மெஷினில் ஐஸ் குறைந்ததுமே “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று முடிவு கட்டாதீர்கள். மெஷினுக்குள் சுற்றிக் குளிரூட்டும் இந்த கேஸ் தானாகத் தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

முதலில் கண்டென்சர், அதாவது மெஷினின் சூட்டை வெளியேற்றும் பாகம். டார்ச் அடித்தால் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பெரும்பாலும் புரோட்டாக் கல்லின் எண்ணெய்ப் புகையும் தூசியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். நம்மூர் வெக்கையில் சூடு வெளியேற வழியே இருக்காது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தகடு மடங்காமல் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். மெஷினை ஒட்டி அடுக்கிய பால் டின் அட்டைப்பெட்டிகளையும் நகர்த்துங்கள். (எல்லாக் கடையிலும் இருக்கும்!)

சரி, அது சுத்தம்தானா? ஐஸ் உறையும் தகட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் வெறும் ஈரமாகவும் இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். முழுக்கச் சீராக உறைந்தும் கட்டி விழாவிட்டால், தகட்டில் தண்ணீரின் உப்புப் படிந்திருக்கலாம், அல்லது ஐஸைக் கழற்றச் சூடான கேஸைத் தகட்டுக்கு விடும் ஹாட் கேஸ் வால்வு கோளாறு.

கேஸ் வேலைக்குப் பயிற்சி பெற்ற டெக்னீசியன்தான் வேண்டும். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றச் சம்மதிக்காதீர்கள்.