டெர்மினலில் எழுத்துப் படம்: ஒரு '>' விழுங்கிய புகைப்படம்

சென்ற வாரம் நாகர்கோவிலில் ஒரு மாணவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜேபி2ஏ ஓட்டிக்கொண்டிருந்தான். புகைப்படத்தை எழுத்துகளாலும் குறிகளாலும் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் திரையில், வரைந்து காட்டும் நிரல் அது. அவன் விரல் அடுத்து எங்கே வழுக்கும் என்பது எனக்கு முன்பே தெரிந்தது. எல்லாம் நான் விழுந்த பள்ளங்கள். கோப்பின் பெயரைத் தப்பாக அடிப்பது போன்றவற்றைத் திரையே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அகலம், உயரம் இரண்டையும் கொடுப்பது

டெர்மினலில் ஓர் எழுத்தின் கட்டம் சதுரமல்ல; உயரம் ஏறக்குறைய அகலத்தின் இருமடங்கு. சதுரப் படம்தானே என்று 80-க்கு 80 கொடுத்தால், 38 அடிப் பீடத்தில் 95 அடி உயரம் நிற்கும் நம் வள்ளுவர் கமுகு மரமாக நீண்டுவிடுவார். அகலத்தை மட்டும் சொல்லுங்கள். உயரத்தை நிரல் கணக்கிட்டுக்கொள்ளும்.

மூலப் படத்தின் மேலேயே எழுதுவது

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் அப்பா நிற்கும் படம் ஒன்று இருந்தது. அச்சுப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது; ஸ்கேன் செய்த கோப்பு மட்டுமே மிச்சம். ஜேபி2ஏ-யில் பார்த்தபோது தூண்கள் அத்தனை அழகாக எழுந்து நின்றன. அதைத் தனி உரைக் கோப்பாகச் சேமிக்க ஆசைப்பட்டேன். மேல் அம்பை அழுத்திப் பழைய கட்டளையை வரவழைத்து, கடைசியில் '>' (விடையைத் திரையில் காட்டாமல் கோப்பில் எழுதச் சொல்லும் குறி) போட்டு, பெயரின் முதலிரண்டு எழுத்துகளை அடித்து டேப் தட்டினேன். முழுப் பெயரும் ஜேபிஜி வாலோடு வந்து உட்கார்ந்தது. வாலை மாற்றாமல் எண்டரை அழுத்திவிட்டேன்.

கோப்பு காலியாக இருக்கிறது என்று நிரல் முனகியது. பட்டியலிட்டுப் பார்த்தேன்: 0 பைட்.

நிரல் மேல் பிழையில்லை. '>' குறியைக் கண்டதும் ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரல்) முதலில் வலப்பக்கக் கோப்பைத் திறந்து வெறுமையாக்கும். அதன் பிறகுதான் நிரலையே கிளப்பும். படிக்க வந்த நிரலுக்கு அங்கே படம் இருக்காது. குப்பைத்தொட்டிக்கும் போகாது. "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்ற எரிச்சல் இன்றும் தீரவில்லை. "காப்பி எடுத்து வைத்திருக்கலாமே" என்று பிறகு வந்து சொன்னவர்கள் மீது அதைவிட அதிகம்.

பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் 'செட் -ஓ நோக்ளாபர்' என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள் (ஆங்கில எழுத்தில்தான்). ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் '>' எழுத மறுத்துவிடும். மூலப் படங்களை வாசிக்க மட்டும் என மாற்றி வைப்பதும் நல்லது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழைந்திருந்தால் அந்தப் பூட்டு உதவாது.

அந்த மாணவனும் '>' போட்டு டேப் தட்டினான். கையைப் பிடித்துவிட்டேன்.

வெள்ளைத் திரை

ஜேபி2ஏ கறுப்புப் பின்னணியை எதிர்பார்க்கிறது. வெள்ளைத் திரையில் குமரியின் உதயம் கறுப்புச் சூரியனோடு வரும்; கட்டளையில் ஒளியையும் இருளையும் தலைகீழாக்கும் '--இன்வெர்ட்' சேருங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒட்டுவது

வரிகள் மடங்கிக் குலையும். ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்.