பழைய யூஎஸ்பி வைஃபை டாங்கிளை விண்டோஸ் 11-இல் ஓடவைப்பது எப்படி?

டாங்கிளோடு வந்த சிடியை ஓரமாக வையுங்கள். அதிலிருப்பது பெரும்பாலும் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்து டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட் டிரைவர் அதில் ஏறாது.

தேட வேண்டியது உள்ளே இருக்கும் சிப்புக்கான டிரைவரை. மேலே அச்சிட்ட மாடல் பெயரை மட்டும் நம்பினால் ஏமாறலாம். டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் அத்திராஸ் ஏஆர்9271 இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப். பெயர் ஒன்று, டிரைவர் வேறு.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'அதர் டிவைசஸ்' பகுதியில் மஞ்சள் முக்கோணத்தோடு நிற்பதுதான் உங்கள் டாங்கிள். அதன் பிராபர்ட்டீஸில் டீட்டெயில்ஸ், அங்கே 'ஹார்டுவேர் ஐடிஸ்'. விஐடி என்பது தயாரிப்பாளரின் எண், பிஐடி பொருளின் எண். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ரியல்டெக் விஐடியோடு பிஐடி 8179 வந்தால் ஆர்டிஎல்8188இயூ வகை. ரேலிங்க் விஐடியோடு 5370 வந்தால் ஆர்டி5370. டாங்கிளைச் செருகியதும் புதிதாக ஒரு சிடி டிரைவ் மட்டும் தோன்றினால் பதறவேண்டாம். அதை 'எஜெக்ட்' செய்தால் பல டாங்கிள்கள் வைஃபை கருவியாக மாறிக்கொள்ளும்.

டிரைவர் இறக்க நெட் வேண்டுமே? போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் நெட்டைக் கணினிக்குத் தரும் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' வழியாகப் பாருங்கள். ரியல்டெக் சிப் என்றால் பல நேரம் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் டாங்கிளின் பதிப்புக்குரிய ஜிப் கோப்பை எடுத்து விரியுங்கள். இன்ஸ்டாலர் முரண்டு பிடித்தால் விட்டுவிடலாம். தேவை ஐஎன்எஃப் கோப்பும் (டிரைவர் எந்தக் கருவிக்கானது என்று விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு) அதோடு வரும் கோப்புகளும்தான். ஐஎன்எஃபை நோட்பேடில் திறந்து உங்கள் பிஐடியைத் தேடுங்கள். அது இல்லையென்றால் அந்த டிரைவர் உங்கள் டாங்கிளுக்கானதல்ல. இருந்தால் டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்', 'பிரௌஸ் மை கம்ப்யூட்டர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பிராபர்ட்டீஸில் பிழை எண் (கோடு) தெரியும். கோடு 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. கோடு 10 என்றால் ஏறியும் கருவி கிளம்பவில்லை. பழைய டிரைவரை நீக்கி, வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். கோடு 52 வந்தால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. கையொப்பச் சோதனையை நிறுத்தும் வழி விண்டோஸின் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' திரையில் உண்டு, ஆனால் அடுத்த ரீஸ்டார்ட் வரைதான் தாங்கும். சில பழைய டிரைவர்களை 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதி தடுக்கும். அதை அணைத்து முழுக் கணினியின் பாதுகாப்பையும் குறைப்பதைவிடப் புதிய டாங்கிள் வாங்குவதே மேல்.

டிரைவர் ஏறியும் உங்கள் வைஃபை பெயர் தெரியவில்லையா? இத்தகைய பழைய டாங்கிள்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். ரூட்டரில் அந்த அலைவரிசை இயங்கவேண்டும். ரூட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என வைத்திருந்தால் டபிள்யூபிஏ2-வையும் அனுமதியுங்கள். அடிக்கடி துண்டித்தால், டிவைஸ் மேனேஜரில் 'பவர் மேனேஜ்மென்ட்' டேப்பில் மின்சேமிப்புக்காகக் கருவியை அணைக்கும் டிக்கை எடுங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டுகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுப்பதும் உண்டு. சிறிய யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைச் சற்றுத் தள்ளி வைத்தால் சிக்னல் தேறும்.