திருச்சபையின் வழியே பேரிடர் நிவாரணப் பணி: முதன்முறை செல்பவர்களுக்கு

பேரிடர்க் காலத்தில் தொண்டு செய்ய விரும்பும் சபையார் பலர், வெள்ளம் வந்த மறுநாள் காலையில்தான் குருமனையின் கதவைத் தட்டுகிறார்கள். அந்த நேரத்தில் சேகரகுருவோ பங்குத்தந்தையோ யாரை எங்கே அனுப்புவது என்று யோசிக்கவும் நேரமில்லாமல் நிற்பார். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால், ஆவணி முடிவதற்குள் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. பெயருடன் உங்களுக்குத் தெரிந்த வேலையையும் எழுதிக் கொடுங்கள். படகு ஓட்டத் தெரிந்தவர், செவிலியர், மின்பணியாளர், கணக்கு எழுதத் தெரிந்தவர், இருநூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்த அக்கா என ஒவ்வொருவரும் வேண்டும். பெரும்பாலான மறைமாவட்டங்களில் சமூக சேவைச் சங்கம் ஒன்று இயங்குகிறது. தேசிய அளவில் கத்தோலிக்கத் திருச்சபைக்குக் காரித்தாஸ் இந்தியாவும், சீர்திருத்த, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுக்கு 1947இல் தொடங்கிய காசா (CASA) என்னும் நிவாரண அமைப்பும் உள்ளன. உங்கள் சபை இவற்றில் எதனுடன் தொடர்பில் இருக்கிறது என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன்பு செய்ய வேண்டிய பணிகளில் முதன்மையானது பட்டியல். சபையைச் சுற்றியுள்ள தெருக்களில் படுத்த படுக்கையாக இருப்பவர், தனியாக வாழும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், மாற்றுத்திறனாளி ஆகியோர் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதை நேரில் சென்று விசாரித்து எழுதுங்கள். சபைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் சபையாரின் பெயர்கள் மட்டுமே வரும். தெருவின் கடைசியில் குடிசை போட்டிருப்பவர், வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளி, குடும்ப அட்டை இல்லாதவர் ஆகியோர் விடுபட்டுப் போவார்கள். வெள்ளத்தில் கடைசியாக மீட்கப்படுகிறவர்களும் பெரும்பாலும் இவர்களே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையில் பல ஊர்களுக்குச் சாலைத் தொடர்பே அறுந்துபோனது. இத்தகைய வேளையில் சொந்த வண்டியில் புறப்பட்டுச் சென்றால் நீங்களும் மீட்கப்பட வேண்டியவராகிவிடுவீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைத்து, எந்த வழி திறந்திருக்கிறது, எந்த ஊருக்கு எது தேவை என்று குழுத் தலைவர் கேட்ட பிறகே வண்டி புறப்பட வேண்டும். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி, கையுறை, டார்ச், உங்கள் குடிநீர், உணவு ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். காலில் புண் உள்ளவர் சேற்றில் இறங்காமல் சமையற்கூடத்திலோ கிடங்கிலோ உதவலாம்.

நீர் வடிந்த பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. மின்வாரிய ஊழியர் சரிபார்க்கும் வரை வீட்டில் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். சேற்றை அள்ளும்போது கையால் துழாவாமல் மண்வெட்டியைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் பாம்பும் உடைந்த கண்ணாடியும் அதற்குள் இருக்கும். வீட்டாரைக் கேட்காமல் எதையும் குப்பையில் எறியக் கூடாது. ஒருமுறை சேறு அப்பிய துணிமூட்டை ஒன்றை நான் வெளியே வைத்துவிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி ஓடிவந்து அதைப் பிரித்து, அடியில் இருந்த பட்டாவையும் கல்யாணப் புகைப்படத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நனைந்த காகிதங்களைப் பிரிக்க முடிந்தவரை மெதுவாகப் பிரித்து, நிழலில் துணிமேல் பரப்பி உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது.

கிணற்றை இறைத்த பிறகு ஊறும் நீருக்கு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. கலங்கல் மிகுந்திருந்தால் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், சுகாதார ஆய்வாளரைக் கேட்டே இடுங்கள். பவுடரை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஒரு மணி நேரமாவது கழித்தே புழங்க வேண்டும்.

பொருள் வழங்கும்போது முந்தைய நாளே வீடு வீடாக டோக்கன் கொடுத்துவிட்டால் தள்ளுமுள்ளு இராது. கிழிந்த பழந்துணி வேண்டாம். புதிய உள்ளாடை, நைட்டி, கைலி, போர்வை, நாப்கின் ஆகியவையே தேவைப்படும். நாப்கினைப் பெண் தொண்டர்களே தனியாகக் கொடுக்கட்டும். வாங்குபவரின் சமயத்தைக் கேட்பதும், அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரத்தைச் செருகுவதும், ஜெபத்தில் கலந்துகொண்டால்தான் பொருள் என்று சொல்வதும் அறவே கூடாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நன்னடத்தை நெறி இதைத் தெளிவாகவே சொல்கிறது, நல்ல சமாரியனும் அடிபட்டுக் கிடந்தவனிடம் குலம் கேட்கவில்லை. தர்மம் அந்தரங்கமாக இருக்க வேண்டும் என்று கற்ற நாம், கைநீட்டி நிற்பவரின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது பெரும் தவறு. கிடங்கின் இருப்பையும் ரசீதையும் படமெடுத்தாலே கணக்குக்குப் போதும். காணிக்கைப் பணம் சபையின் வங்கிக் கணக்கு வழியாகவே செல்லட்டும், தொண்டரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாயும் வர வேண்டாம்.

முதல் வாரம் முடிந்ததும் லாரிகள் திரும்பிவிடும். இரண்டாம் மாதத்தில் அதே வீடுகளுக்கு மீண்டும் சென்று, அரசு நிவாரணத் தொகை கிடைத்ததா, பிள்ளைக்குப் பாடப்புத்தகம் வந்ததா, வலையோ தையல் இயந்திரமோ பழுதுபார்க்கப்பட்டதா என்று கேட்டு, விடுபட்டவர்களின் மனுவை எழுதிக் கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள்.