சூடு ஏறினால் நுரை ஏறாது: வெந்நீரில் சவர நுரை அடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரஷ்ஷும் சோப்புமாகச் சவரம் செய்யப் பழகுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆரம்பத்தில் நுரை சரியாக வராது. "வெந்நீர் போட்டுப் பாருங்கள்" என்று யாராவது சொல்வார்கள். போட்டதும் கொஞ்சம் தேறும். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து தண்ணீரின் சூடு ஏறிக்கொண்டே போகும். பழைய சவர பிரஷ்களுக்கு முடிக்கொத்து மாற்றிக் கொடுக்கும் வேலையை நான் நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். புதியவர்களுக்கு நுரை அடிக்கவும் சொல்லித்தருவதுண்டு. ஒரு காலத்தில் நான் செய்த கோளாறுகளையே அவர்களும் வரிசை தவறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பிளேடை அழுத்தாதீர்கள், முதல் சுற்றை முடி வளரும் திசையிலேயே மழியுங்கள் என்பவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் வெந்நீர் தொடர்பான தவறுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சோப்பு போதாத இடத்தில் சூட்டைக் கூட்டுவது

நுரைக்கு வேண்டியவை சோப்பு, தண்ணீர், காற்று. இவற்றில் ஏதாவது ஒன்று குறைந்தால் அதைச் சூட்டால் ஈடுகட்ட முடியாது.

சவர சோப்பில் பெரும்பகுதி ஸ்டியரிக் அமிலத்தின் சோடியம், பொட்டாசியம் உப்புகள்தான். சோடியம் உப்பு குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. பொட்டாசியம் உப்பு அதைவிடச் சுலபமாகக் கரையும். அதனால்தான் கெட்டியான சோப்புக் கட்டியில் வெதுவெதுப்பான நீர் பட்டதும் பிரஷ் வேகமாகச் சோப்பை அள்ளுகிறது. வெந்நீரால் கிடைக்கும் உதவி பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் சூட்டைக் கூட்டினால் நீரின் பாகுத்தன்மை குறைந்து, குமிழிகளுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் சீக்கிரம் வடிந்துபோகும். ஆவியாவதும் கூடும். கிண்ணத்தில் பொங்கி எழுந்த நுரை, கன்னத்தில் பூசி ரேசரைக் கையில் எடுப்பதற்குள் ஓட்டை ஓட்டையாக விழுந்து உட்கார்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரிகிற பெரிய குமிழிகள் இருந்தால் சோப்பு குறைவு, அல்லது தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிட்டீர்கள் என்று பொருள். பசைபோல் இழுபட்டு, பூசிய கொஞ்ச நேரத்தில் ஓரம் காய்ந்தால் தண்ணீர் போதவில்லை. பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டு, கட்டி சோப்பின் மேல் குறைந்தது 30 விநாடி விடாமல் சுழற்றுங்கள். முடிகளுக்கு நடுவே கெட்டியான பசை ஏறியிருக்க வேண்டும். அதன் பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து அடித்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் நுரையின் மேற்பரப்பில் பளபளப்பு தெரியும். குமிழி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொதிநீரில் பிரஷ்ஷை முக்கி வைப்பது

எத்தனையோ தவறுகளைப் பார்த்துப் பழகிவிட்டேன். இது ஒன்று மட்டும் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. மற்ற தவறுகளால் ஒரு நாள் சவரம் கெடும், அடுத்த நாள் திருத்திக்கொள்ளலாம். இதனால் பிரஷ்ஷே போய்விடும். பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த நல்ல பிரஷ்ஷை ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதைச் சில மாதங்களில் பாழாக்கிக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "பிரஷ் தரமில்லை" என்பதுதான்.

நண்பர் ஒருவரின் மகன் அப்படித்தான் வந்தான். "மாமா, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, செய்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள்" என்றான். தினமும் என்ன செய்கிறாயோ அதை அப்படியே செய்துகாட்டு என்றேன். கெட்டிலில் நீர் கொதித்து அடங்கிய கையோடு குவளையில் ஊற்றினான். பிரஷ்ஷைத் தலைகீழாக, கைப்பிடியின் கழுத்து மூழ்கும்வரை உள்ளே இறக்கினான். முடிகளெல்லாம் அடியில் மடங்கி, பிரஷ்ஷின் எடை முழுவதும் அவற்றின் மேல் நின்றது. "இப்படியே வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வருவேன்" என்றான். கழுத்தில் ஆங்காங்கே சிவந்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். குவளை நீர் ஆறினாலும், அந்தப் பிரஷ்ஷின் நடுவே தேங்கி நிற்கும் நீர் அத்தனை சீக்கிரம் ஆறாது. முகத்தில் வைத்து அழுத்தியதும் அந்தச் சூடு மொத்தமும் தோலில்தான் இறங்கும்.

அந்தப் பிரஷ்ஷைக் கழற்றிப் பார்த்தேன். கைப்பிடியின் குழிக்குள் உட்காரும் கொத்தின் அடிப்பகுதியில், முடிகளை ஒன்றாகப் பிடித்துவைக்கும் பிசின் வில்லை இருக்கும். நன்றாக இருக்கும் கொத்தில் அது கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கும், நகத்தால் கீறினால் வழுக்கும். இதிலோ விளிம்பு வெளுத்து மங்கியிருந்தது. நகத்தை வைத்து அழுத்தியதும் பள்ளம் விழுந்தது. பிசினுக்கும் குழியின் சுவருக்கும் இடையே சாம்பல் நிறத்தில் பழைய சோப்புக் கசடு அடைந்திருந்தது. நடுவிலிருந்து ஒரு சிட்டிகை முடியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். முழு நீளத்தோடு, அடி முனை சுத்தமாக, எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது.

முடி கொட்டுகிறது என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். பாதியில் முறிந்து விழுந்தால் முடி நலிந்துவிட்டது. முழு நீளத்தில் கழன்று வந்தால் பிசின் பிடி விட்டுவிட்டது. புதுப் பிரஷ்ஷில் முதல் சில வாரங்கள் ஒன்றிரண்டு முடி உதிர்வது இயல்புதான், அதற்குப் பதற வேண்டாம்.

பிசின் ஏன் விடுகிறது? அறை வெப்பநிலையில் இறுகும் சாதாரண எபாக்ஸி பிசின்கள் பல, 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இறுக்கம் தளரத் தொடங்கிவிடும். கெட்டிலிலிருந்து ஊற்றும் நீர் 90 டிகிரிக்கு மேல் இருக்கும். தினமும் அதில் தளர்ந்து, ஆறி இறுகி, மறுபடி தளர்ந்தால் எந்தப் பிசின்தான் தாங்கும்? கைப்பிடி மரமோ கொம்போ ஆனால் அதுவும் உப்பிக் காய்ந்து வெடிக்கும். முடிக்கும் கேடுதான். அது கெரட்டின் என்ற புரதம், கம்பளி நாரும் அதே வகை. நீரும் கடும் சூடும் சேர்ந்தால் அதன் உள்கட்டு நெகிழும். மடங்கிய நிலையில் அப்படியே வைத்தால், நாள்படக் கோணல் நிலைத்து, பிரஷ் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும்.

கொதிநீரில் போட்டால் கிருமி செத்துவிடும் என்றும் சிலர் சொல்லித்தருகிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகப் பதப்படுத்தாத விலங்கு முடியில் செய்த சவர பிரஷ்கள் வழியாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய் தொற்றியது உண்மைதான். ஆனால் ஆந்த்ராக்ஸ் கிருமியின் ஸ்போர்கள், அதாவது கடும் சூழலையும் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவங்கள், குவளையில் ஊற்றிய வெந்நீரில் கொஞ்ச நேரம் கிடப்பதற்கெல்லாம் சாகக்கூடியவை அல்ல. முடியைக் கிருமிநீக்கம் செய்வது தயாரிப்பாளரின் வேலை, அதை முடித்துத்தான் பிரஷ் கட்டுகிறார்கள். புதுப் பிரஷ்ஷில் விலங்கு வாடை அடித்தால், மென்மையான ஷாம்பூ போட்டு வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். மிச்ச வாடை பயன்படுத்தப் பயன்படுத்தப் போய்விடும்.

பன்றி முடி பிரஷ் வாங்கியவர்களுக்குத்தான் இந்தச் சபலம் அதிகம். புதிதில் அது விறைப்பாகக் குத்தும். வெந்நீரில் வேகவைத்தால் மிருதுவாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நாள்தோறும் பயன்படுத்துவதில் ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாக, மூன்றாகப் பிளந்து வருவதால்தான் அதற்கு மிருது வருகிறது. அவசரப்பட்டால் மிருது வராது, முறிவுதான் வரும். பன்றி முடி நீரை நன்றாக உறிஞ்சும், ஆகவே சவரத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஊறவைப்பது சரிதான். பேட்ஜர் முடிக்கு அதைவிடக் குறைவான நேரமே போதும்.

சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். தெர்மாமீட்டர் தேவையில்லை, குவளைக்குள் விரல்களை விட்டு அப்படியே வைத்திருக்க முடிய வேண்டும். 60 டிகிரி நீர் பட்டால் ஏறக்குறைய ஐந்து விநாடியில் தோல் ஆழமாக வெந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஊறும்போது முடி மட்டும் நனையட்டும். கைப்பிடியின் கழுத்துக்கு நீர் ஏற வேண்டாம். சவரம் முடிந்ததும் நன்றாக அலசி, பிழிந்து, உதறி, காற்றாட வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடாதீர்கள்.

அந்தப் பையனுக்கு வேறு கொத்து வைத்துக் கொடுத்தேன். பழைய கொத்தையும் கையில் கொடுத்து, குளியலறைத் தட்டில் கண்ணில் படும்படி வைத்துக்கொள் என்றேன்.

செயற்கை இழை பிரஷ்ஷை ஊறவைப்பது

இழை நீரை உறிஞ்சாது. நனைத்து உதறினால் போதும். கடும் வெந்நீரில் இழைகள் கோணிக்கொள்ளும்.

எல்லாச் சோப்பின் மேலும் வெந்நீர் ஊற்றிவைப்பது

நன்றாக அரைத்து இறுக்கிய கெட்டிக் கட்டிகளுக்கு மட்டும் இது பயன்படும். ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீரை மேலே விட்டுச் சில நிமிடம் வைத்தால் மேற்பரப்பு இளகும். அந்தப் பால் நிற நீரைக் கொட்டிவிடாதீர்கள், தாடியில் தடவிக்கொள்ளுங்கள். மென்மையான சோப்பின் மேலோ கிரீமின் மேலோ ஊற்றினால் மேற்புறம் கூழாகி, சோப்பு வீணாகும், வாசனையும் ஆவியோடு போய்விடும். மெந்தால் கலந்ததாக இருந்தால் அந்த ஆவி கண்ணைக் கரிக்கும்.

நுரையைச் சூடாக்கிவிட்டுத் தாடியை மறப்பது

நுரையின் சூட்டுக்காக அவ்வளவு பாடுபடுகிறவர்கள், முகத்தில் இரண்டு கை தண்ணீரை அறைந்துகொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். முகத்தில் பூசிய நுரை மெல்லிய படலம், அதன் சூடு கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். முடியை இளக்குவது நீர். நனைந்த முடி விட்டத்தில் சுமார் 15 சதவீதம் வரை உப்பும், அதை வெட்டத் தேவையான விசையும் வெகுவாகக் குறையும். அதற்குச் சில நிமிடம் ஆகும். வெதுவெதுப்பான நீராக இருந்தால் அது சீக்கிரம் நடக்கும். முடியின் மேல் படிந்த எண்ணெய்ப் பசையும் இளகும்.

ஆகவே குளித்த கையோடு சவரம் செய்வதே சுலபமான வழி. முடியாதபோது, வெதுவெதுப்பான நீரில் முக்கிப் பிழிந்த துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்துக்கொண்டு, ஈரத்தைத் துடைக்காமல் அப்படியே நுரையைப் பூசுங்கள். இங்கும் சூடு மிதமாகத்தான் இருக்க வேண்டும். அதிகச் சூடு தோலின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும், சிவந்து வீங்கிய தோலில் பிளேடு பட்டால் எரியும். வெந்நீரில் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையையெல்லாம் இந்த இரண்டு மூன்று நிமிடத்தில் காட்டுங்கள் என்றுதான் என்னிடம் பழகுகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

கடின நீரைச் சூட்டால் வெல்ல நினைப்பது

எவ்வளவு சோப்பு எடுத்தாலும் நுரை எழாமல், கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளைக் கசடு படிகிறதா? நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. முதலில் போடும் சோப்பில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது. நீரைச் சூடாக்குவதால் இந்தக் கணக்கு மாறாது. கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் குறையும், கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு அதுதான். சல்பேட், குளோரைடு உப்புகளால் வருவது அப்படியே நிற்கும்.

ஒரே ஒரு முறை வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) நுரை அடித்துப் பாருங்கள். பிரஷ் நனைக்கவும் நுரை அடிக்கவும் அரைக் குவளை போதும். நுரை சட்டென்று எழுந்தால் குற்றம் நீரில்தான் என்று தெளிவாகிவிடும். பிறகு நுரைக்கு மட்டும் அந்த நீரைப் பயன்படுத்தலாம், அல்லது சோப்பைத் தாராளமாக எடுக்கலாம். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்த சோப்புகள் கடின நீரில் ஓரளவு நன்றாக நுரைக்கும்.

பிளேடைச் சூடாக்கினால் கூர்மை கூடும் என்று நம்புவது

கூர்மை கூடுவதில்லை. தோலில் படும்போது இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

மயிர்த்துளைகள் திறக்க வெந்நீர், மூடக் குளிர்ந்த நீர்

கதவுபோல் திறந்து மூட அவற்றில் தசை கிடையாது.

அழுத்த டப்பா நுரையை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவது

வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த வாயு, பெரும்பாலும் எரியக்கூடியது. 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும்.

ஆறிய நுரையில் வெந்நீரை ஊற்றுவது

முதல் சுற்று முடிவதற்குள் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் நுரை ஆறிவிடும். அதைச் சூடாக்க வெந்நீரை ஊற்றினால், பாடுபட்டு எழுப்பிய நுரை நீர்த்து, அடியில் சோப்புத் தண்ணீரும் மேலே குமிழிகளுமாகப் பிரிந்து நிற்கும். சூடான நுரைதான் வேண்டும் என்றால், தொடக்கத்திலேயே நுரைக் கிண்ணத்தை வெந்நீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் உட்காரவையுங்கள். இதற்கென்றே இரட்டைச் சுவர்க் கிண்ணங்களும் கிடைக்கின்றன. இவற்றில் சூடு நிற்கும், ஆனால் நுரையிலுள்ள நீரும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டாம் சுற்றில் நுரை கெட்டிப்பட்டிருந்தால் திகைக்க வேண்டாம். ஆறிய நுரையும் அதே வழவழப்போடு மழிக்கும், சூடு இல்லை என்பதற்காக முகம் வெட்டுப்பட்டுவிடாது. பிரஷ்ஷின் நுனியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் தொட்டு, கிண்ணத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் அடுத்த பூச்சுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.