சூரபன்மன் ஏன் கடைசியில் விழுகிறான்? கந்தபுராணத்தை அகத்தில் வாசிக்கும் முறை

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறிவிடுகிறோம். முருகன் அன்னையிடம் வேல் வாங்கிய நாள் அது. அந்த வேல் எதன் மேல் பாய்ந்தது என்பதை உள்ளுக்குள் வாசித்துப் பார்க்க, ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் கந்த சஷ்டியின் 6 நாள் தோதானது. கோலாலம்பூரில் வேலை முடிந்து வீடு வந்தபின் அரை மணி நேரம் போதும்; 20 நிமிடம் வாசிப்பு, 10 நிமிடம் எழுத்து. கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணம் 10,000 பாடலுக்கு மேல் போகும். ஆகவே உரைநடைச் சுருக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவர்களைச் சிறைவைத்த அசுரன் சூரபன்மன்; சிங்கமுகனும் தாரகனும் அவன் தம்பியர். தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம் (வினை), சூரபன்மன் ஆணவம் (செருக்கு) என உயிரைக் கட்டும் மூன்று மலங்கள்; வேல் ஞானம் என்பது சைவர்கள் வழிவழியாகச் சொல்லும் பொருத்தம். இதை மனப்பாடம் செய்வதோடு நின்றால் விடுகதைக்கு விடை தெரிந்த மாதிரிதான். அவர்கள் விழும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மாயை, பிறகு கன்மம், கடைசியில்தான் ஆணவம்.

முதல் நாள் சரவணப் பொய்கை. ஆறு குழந்தைகளை அன்னை அணைத்து ஒன்றாக்குகிறாள். ஐம்புலனும் மனமும் அன்று எங்கெங்கே சிதறின என்று எழுதுங்கள். இரண்டாம் நாள் தாரகன். முருகனின் படைத்தலைவன் வீரபாகுவும் படையும், மலையுருவில் நின்ற அசுரனான கிரவுஞ்ச மலைக்குள் புகுந்து வழி தெரியாமல் மயங்குகிறார்கள். வீரம் அங்கே உதவவில்லை. வேல் வந்துதான் மலை பிளக்கிறது. உங்களை மயக்கி வைத்திருக்கும் ஒன்றை மட்டும் குறியுங்கள். மூன்றாம் நாள் வீரபாகு தூது. போருக்கு முன் சூரனுக்குத் திருந்த வாய்ப்பு தரப்படுகிறது. அன்று உங்கள் காதில் விழுந்தும் நீங்கள் தள்ளிவிட்ட நல்ல சொல் எது?

நான்காம் நாளில் நிதானம் வேண்டும். தேவர்களை விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொன்னவனே சிங்கமுகன். சொல்லிவிட்டு, அண்ணனுக்காகவே போருக்கும் போகிறான். வெட்ட வெட்ட அவன் தலைகள் முளைக்கின்றன. நல்லது தெரிந்தும் பழக்கத்தின் பக்கமே நிற்கும் செயல் நம் எல்லோரிடமும் உண்டு. அதை எழுதி, எந்த நேரத்தில், யார் முன்னால் மறுபடி முளைக்கிறது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசி இரண்டு நாளும் சூரனுக்கே. முருகனின் பேருருவைக் கண்டு அவன் ஒரு கணம் தெளிகிறான். அது மறைந்ததும் செருக்கு திரும்பிவிடுகிறது. பிறகு கடலில் மாமரமாக நிற்கிறான். வேல் பிளந்த இரு கூறும் மயிலும் சேவலுமாகச் சீறி வருகின்றன. அருட்பார்வை பட்டதும் ஊர்தியும் கொடியும் ஆகின்றன. ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமை அடங்குகிறது என்று சைவ சித்தாந்தம் சொல்வது இந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும். எனவே "கோபத்தை ஒழித்துவிட்டேன்" என்று எழுதாதீர்கள். அது இனி எதைச் சுமக்கும் என்று எழுதுங்கள்.

வாசிப்பு கெடுவது பெரும்பாலும் மைத்துனரையோ மேலதிகாரியையோ சூரனாக்கும்போதுதான். ஏட்டில் பிறர் பெயர் வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். இன்னொரு தவறு, மாயையைப் பொய்த்தோற்றம் என்று கொள்வது. சித்தாந்தத்தில் அது உள்பொருள். உடலும் உலகமும் அதிலிருந்தே கிடைக்கின்றன. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் பொருள் தேடவும் வேண்டாம்; தேடினால் கதை கைநழுவிவிடும்.

ஆறாம் நாள் மாலை சூரசம்ஹாரம் நடக்கும் கோயிலுக்குப் போங்கள். சூரன் உருவத்துக்குத் தலை மாற்றும் வழக்கம் அங்கே இருந்தால், யானைமுகம் (தாரகன்), சிங்கமுகம், சூரமுகம் என்ற வரிசை தெரியும் இடமாகப் பார்த்து முன்கூட்டியே நின்றுகொள்ளுங்கள்.