பி.எஸ்சி கெமிஸ்ட்ரி சேர்ந்தாச்சா, லேப்ல இருந்து படிக்க ஆரம்பிங்க

ப்ளஸ் டூல கெமிஸ்ட்ரில நல்ல மார்க் வாங்கிட்டு பி.எஸ்சி சேர்ந்தவங்க நிறைய பேர் முதல் செமஸ்டர்லயே திணறுறாங்க. தியரிய தனியா மனப்பாடம் பண்றது, லேப்ப வெறும் ரெக்கார்டு எழுதுற வேலையா நினைக்கிறது, இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். லேப்ல கண்ணு முன்னாடி நடக்குறதுக்கு தியரில காரணம் தேடிப் பாருங்க, பாதி சிலபஸ் அப்படியே மண்டைல ஏறிடும்.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனையே (அளவு தெரிஞ்ச கரைசல சொட்டு சொட்டா விட்டு இன்னொரு கரைசலோட செறிவ கண்டுபிடிக்கிறது) எடுத்துக்கோங்க. எல்லாரும் பண்றதுதான், ஆனா ஒவ்வொரு ஸ்டெப்லயும் ஒரு கேள்வி இருக்கு. ஏன் டைல்யூட் சல்ஃபியூரிக் ஆசிட் மட்டும் ஊத்துறோம்? ஹைட்ரோகுளோரிக் ஊத்துனா பெர்மாங்கனேட் அதுல இருக்குற குளோரைடையும் ஆக்ஸிடைஸ் பண்ணி குளோரினா மாத்திடும், ரீடிங் அதிகமா வரும், நைட்ரிக் ஊத்துனா அதுவே ஒரு ஆக்ஸிடைசிங் ஏஜென்ட், ரீடிங் குறைஞ்சுடும். ஆக்ஸாலிக் ஆசிட்ட மட்டும் ஏன் 60–70 டிகிரிக்கு சூடு பண்றோம்? குளிர்ந்த நிலைல ரியாக்‌ஷன் ரொம்ப மெதுவா நடக்கும், அதுக்காக கொதிக்க விட்டா ஆக்ஸாலிக் ஆசிட்டே சிதைய ஆரம்பிச்சிடும். ஆனா ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்டுக்கு சூடே பண்ணக்கூடாது, காத்துல இருக்குற ஆக்ஸிஜன் ஃபெரஸ்ஸ ஃபெரிக்கா மாத்திடும்.

அதே ஆக்ஸாலிக் டைட்ரேஷன்ல இன்னொன்னும் கவனிங்க. முதல் சில சொட்டு விடும்போது பிங்க் கலர் போக நேரம் எடுக்கும், அப்புறம் விட்டவுடனே போகும். ரியாக்‌ஷன்ல உருவாகுற மாங்கனீஸ் டூ ப்ளஸ் அயனியே கேட்டலிஸ்ட்டா வேலை செய்யுது, ஆட்டோ கேட்டலிசிஸ்னு பிசிக்கல் கெமிஸ்ட்ரில படிக்கிறது இதேதான். கான்ட்ரோலே இல்லாம வேகமா ஊத்துனாலோ ஆசிட் பத்தலைன்னாலோ பிரவுன் கலர்ல மாங்கனீஸ் டை ஆக்ஸைடு படியும், அப்படி வந்தா அத கீழ ஊத்திட்டு புதுசா பிப்பெட் அவுட் பண்ணுங்க, அந்த ரீடிங்க எழுதாதீங்க. வைவால கேக்குறதும் இதெல்லாம்தான். ஈக்விவலன்ட் வெயிட் 31.6னு மனப்பாடமா சொல்றத விட மாங்கனீஸ் +7ல இருந்து +2க்கு வருது, அஞ்சு எலக்ட்ரான், அதனால 158ஐ 5ஆல வகுக்கிறோம்னு சொல்லுங்க.

சால்ட் அனாலிசிஸும் (ஒரு உப்புல என்னென்ன அயனி இருக்குன்னு குரூப் குரூப்பா பிரிச்சு கண்டுபிடிக்கிறது) அப்படித்தான். செகண்ட் குரூப்ல ஹெச்சிஎல் சேர்த்துட்டு ஹெச்டூஎஸ் விடுறோம், ஃபோர்த் குரூப்ல அமோனியா ஊத்திட்டு அதே கேஸ் விடுறோம், ஏன்? ஆசிட்ல இருக்குற ஹைட்ரஜன் அயனி ஹெச்டூஎஸ் பிரியுறத தடுக்கும், இந்த காமன் அயன் எஃபெக்ட்னால சல்ஃபைடு அயனி ரொம்ப குறைஞ்சுடும், சல்ஃபைடோட சால்யுபிலிட்டி ப்ராடக்ட் (எவ்வளவு கரையும்னு காட்டுற அளவு) ரொம்ப சின்னதா இருக்குற காப்பர் மாதிரி மெட்டல்தான் படியும், ஜிங்க் நிக்கல் எல்லாம் கரைசல்லயே நிக்கும். இத புரிஞ்சுக்கிட்டவங்களுக்கு குரூப் டேபிள் மறக்கவே மறக்காது. ஹெச்டூஎஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை, அளவு அதிகமாச்சுன்னா மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, வாசனை வரலன்னு நம்பி நிக்காதீங்க, ஃப்யூம் ஹூட்லயோ ஜன்னல் ஓரத்துலயோ வச்சு பண்ணுங்க. பிப்பெட்ட வாயால உறிஞ்சாதீங்க, ரப்பர் பல்ப் கேட்டு வாங்குங்க. சீனியர் பண்றாங்கன்னு நீங்களும் பண்ணணும்னு இல்ல.

ஆர்கானிக்க வாசிச்சா வராது, எழுதுனாதான் வரும். ஒரு ரியாக்‌ஷன் பாத்தா எலக்ட்ரான் எங்க நிறைய இருக்கு, எங்க குறைவா இருக்குன்னு முதல்ல குறிங்க, அம்புக்குறி நிறைய இருக்குற இடத்துல இருந்துதான் கிளம்பணும். மீத்தைல் புரோமைடு எஸ்என்2ல (ஒரே ஸ்டெப்ல பின்பக்கமா தாக்குறது) வேகமா போகுது, டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடு எஸ்என்1ல (முதல்ல புரோமைடு பிரிஞ்சு போறது) போகுது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு பாத்தா மூணு மீத்தைல் குரூப் பின்பக்கத்த எப்படி மறைக்குதுன்னு கண்ணுக்கே தெரியும்.

பிசிக்கல்ல மார்க் போறது பெரும்பாலும் யூனிட்ல. டெல்டா ஜி கண்டுபிடிக்க டெல்டா ஹெச்ச (என்தால்பி மாற்றம்) கிலோ ஜூல்லயும் டெல்டா எஸ்ஸ (என்ட்ரோபி மாற்றம்) ஜூல்லயும் குடுத்திருப்பாங்க, யூனிட்ட மாத்தாம டெல்டா ஹெச்ல இருந்து டி டெல்டா எஸ்ஸ கழிச்சா விடை தப்பு. கணக்கு போடும்போது ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் யூனிட் எழுதுங்க. அலைடு மேத்ஸ்ஸ அலட்சியமா விட்டுடாதீங்க, தெர்மோடைனமிக்ஸ்ல பார்ஷியல் டெரிவேட்டிவ் வரும்போது அதுதான் கை குடுக்கும்.

தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க பயப்படவே வேண்டாம். நேர்மின் அயனி, வினைவேக மாற்றி, இணைதிறன் எல்லாம் உங்களுக்கு ஏற்கனவே புரிஞ்ச விஷயம், இங்கிலீஷ் பேர் மட்டும்தான் புதுசு, அத ஒரு சின்ன நோட்டுல ஜோடி ஜோடியா எழுதிட்டே வாங்க. என்பிடெல்ங்கிற ஆன்லைன் பாட தளத்துல ஐஐடி ப்ரொஃபசர்ஸ் எடுத்த வீடியோக்கள் இலவசமா இருக்கு, வேகத்த குறைச்சு வச்சு கேளுங்க.

எம்.எஸ்சிக்கு ஐஐடி போற ஆசை இருந்தா அதுக்கான நுழைவுத் தேர்வு ஜாம் எக்ஸாம், 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். ஒரே விடை தேர்ந்தெடுக்குற கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் உண்டு, நம்பர் டைப் பண்ற கேள்விகளுக்கு கிடையாது. ஃபைனல் இயர் வரைக்கும் காத்திருக்காம ரெண்டாவது வருஷ லீவுலயே பழைய கொஸ்டின் பேப்பர டவுன்லோட் பண்ணி, அதுவரைக்கும் படிச்ச பாடத்துல வந்த கேள்விகள மட்டும் போட்டுப் பாருங்க, செமஸ்டருக்கு படிச்சதுல எது உண்மையிலயே புரிஞ்சிருக்குன்னு அங்க தெரிஞ்சிடும்.