அரிவாள் செல் நோய்க்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ்: விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது?

போன மாதம் ஊசி போட்டும் வலி அடங்காமல் வார்டில் துடித்தவர், மருத்துவக் குழு பார்க்கும் நாளில் சாதாரணமாக நடந்து வந்து நாற்காலியில் உட்காருவார். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்த ஓட்டத்தை அடைக்கும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயின் சிக்கலே இதுதான்: வெளியே எதுவும் தெரியாது. மருத்துவர்கள் முன்னால் இருப்பவை அன்றைய முகமும் கையில் இருக்கும் காகிதங்களும் மட்டுமே. சான்றிதழ் நிராகரிப்பும் குறைந்த ஊனச் சதவீதமும் பெரும்பாலும் அந்தக் காகிதங்களில் இருக்கும் ஓட்டைகளால் வருபவை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பட்டியலிடும் 21 வகைகளில் ஹீமோபிலியா, தலசீமியாவோடு அரிவாள் செல் நோயும் ஒன்று. ஆகவே "இதெல்லாம் ஊனத்தில் வராது" என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது தவறு. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, சலுகை கிடைப்பது வேறு. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும்.

முதல் சறுக்கல் ரத்தப் பரிசோதனை அறிக்கையில். முகாம்களில் செய்யும் கரைதிறன் சோதனை ரத்தத்தில் 'எஸ்' வகை ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நோயாளியா, மரபணுவை வெறுமனே சுமப்பவரா என்று அது பிரித்துக் காட்டாது. சுமப்பவருக்கு இந்தச் சான்றிதழ் கிடையாது. எனவே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் சோதனையின் அறிக்கைதான் கோப்பின் முதல் தாளாக இருக்க வேண்டும்.

அந்தச் சோதனையை எப்போது செய்தார்கள் என்பதும் முக்கியம். ரத்தம் ஏற்றிய சில வாரங்களுக்குள் மாதிரி எடுத்தால், கொடுத்தவரின் இயல்பான ஹீமோகுளோபினும் சேர்ந்தே அளவாகும். முழு நோயாளியின் அறிக்கை வெறும் சுமப்பவருடையதைப் போலத் தெரிந்துவிடும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது என்பதால், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுப்பது நல்லது. இல்லையென்றால் ஏற்றி மூன்று மாதமாவது கழியட்டும். அடிக்கடி ரத்தம் ஏற்றுபவருக்கு அவ்வளவு இடைவெளி கிடைக்காது. அவர்கள் முதன்முதலில் நோயைக் கண்டறிந்தபோது எடுத்த பழைய அறிக்கையைத் தேடி எடுக்க வேண்டும். பெற்றோரின் அறிக்கைகள் இருந்தால் அவையும் துணைநிற்கும்.

இன்னொரு குழப்பம் அட்டைகளில். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனை முடிவைக் காட்டும் அட்டை தருகிறார்கள். தமிழ்நாடும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. அட்டை வந்ததும் பதிவு முடிந்துவிட்டது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது பரிசோதனை அட்டைதான். மாற்றுத்திறனாளி சான்றிதழும் யு.டி.ஐ.டி. எனும் தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டியவை.

அடுத்தது மருத்துவமனைக் காகிதங்கள். அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். வலி வந்து மூன்று நாள் படுத்திருந்தவரின் டிஸ்சார்ஜ் தாளில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலுமாக வந்தால் "நிமோனியா" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பின்னால் அதைப் படிப்பவருக்கு இது அரிவாள் செல் நோயின் வலி நெருக்கடி என்றோ, நுரையீரலைத் தாக்கிய சிக்கல் என்றோ எப்படித் தெரியும்? வீட்டுக்குக் கிளம்பும் முன்பே தாளைப் படித்துப் பார்த்து, நோயின் பெயர், நெருக்கடியின் பெயர், சேர்ந்த தேதி, கிளம்பிய தேதி, கொடுத்த வலி மருந்து, ஆக்சிஜன் வைத்தார்களா, எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள் என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போனதை அன்றே கேட்டால் எழுதித் தருவார்கள். ஒரு வருடம் கழித்துப் போனால் பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மருத்துவமனைக்கே போகாமல் வீட்டில் மாத்திரை போட்டுச் சமாளித்த வலிக்குச் சாட்சியே இல்லை. ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, எந்த இடத்தில் வலி, எத்தனை மணி நேரம், என்ன மருந்து, வேலைக்கோ பள்ளிக்கோ போகாத நாட்கள். இது மருத்துவச் சான்று ஆகாது. ஆனால் ஒவ்வொரு முறை ஓ.பி.க்குப் போகும்போதும் மருத்துவரிடம் காட்டினால், "கடந்த மூன்று மாதத்தில் நான்கு முறை வலி" என்று அவர் சீட்டில் எழுதுவார். அந்தச் சீட்டு சான்று ஆகும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லும் பழக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிட வேண்டும்.

நிலைமை மோசமாகத் தெரியட்டும் என்று ஹைட்ராக்சியூரியாவை நிறுத்திவிட்டுப் போவது ஆபத்து. அந்த மாத்திரைதான் நெருக்கடிகளைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் எத்தனை முறை படுக்க நேர்ந்தது என்பதே வலுவான சான்று. பொய்த் தாள் சேர்ப்பதும் வேண்டாம். மோசடியாகச் சலுகை பெற்றால் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இடுப்பு மூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடை எலும்பின் தலைப்பகுதி செத்துப்போவது இந்த நோயில் சகஜம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியும், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். நொண்டி நடப்பவர் எக்ஸ்ரேயை மட்டும் கொண்டுபோனால் "எலும்பில் ஒன்றுமில்லை" என்று முடிந்துவிடும். ரத்தக் கோளாறு என்ற தலைப்பில் மட்டும் விண்ணப்பிக்காமல், எலும்பு மருத்துவரிடம் உடல் இயக்கக் குறைபாட்டுக்கான மதிப்பீட்டையும் கேளுங்கள். பக்கவாதம் வந்து கை கால் பலவீனமானவருக்கும் இது பொருந்தும். இரண்டு குறைபாடுகளைத் தனித்தனியாக மதிப்பிட்டால், சதவீதங்களை அப்படியே கூட்டமாட்டார்கள். அதற்கென ஒரு சூத்திரம் உண்டு. பெரியது 40, சிறியது 30 என்றால், 90-இல் 40 போக மீதி 50, 30-ஐ 50-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் சுமார் 17, மொத்தம் 57. எழுபது வரவில்லையே என்று சண்டை போட வேண்டாம்.

உடல் இயக்கக் குறைபாட்டுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டை வரையறுக்கும், 2016 சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ரத்தக் கோளாறுகள் இல்லை. 60 சதவீதச் சான்றிதழ் இருந்தாலும், அரிவாள் செல் நோய் என்ற தலைப்பில் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. சட்டத்தில் பெயர் சேர்த்துவிட்டு வேலையில் கதவைச் சாத்தியது நியாயமில்லைதான், ஆனால் இன்றைய விதி அது. உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அந்தத் தடை இல்லை. 40 சதவீதம் போதும். மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கோ 80 சதவீதமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதும் வேண்டும். ரயிலில் யு.டி.ஐ.டி. அட்டையைக் காட்டிக் கட்டணச் சலுகை கேட்பதும் வீண். அரிவாள் செல் நோயாளிக்கான சலுகை சிகிச்சைப் பயணத்துக்கானது. மருத்துவமனை கையெழுத்திட்ட ரயில்வே படிவத்தோடு கேட்க வேண்டும்.

இணைய விண்ணப்பத்தில் பெரிய சிக்கல் இல்லை. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். வேறொருவரின் கைபேசி எண்ணைக் கொடுக்காதீர்கள், அழைப்புத் தகவல் அந்த எண்ணுக்குத்தான் வரும். வசிக்கும் மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விதிப்படி கேட்கலாம். உங்கள் கோப்பு இருக்கும் இடமும் அதுதான். நேரில் போகும்போது அசல்களைக் காட்டிவிட்டு நகல்களை மட்டும் கொடுங்கள்.

மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய அந்தத் தாள்தான் அடிப்படை. சான்றிதழ் கிடைத்தாலும் அதில் உள்ள செல்லுபடித் தேதியைப் பாருங்கள். இந்த நோய்க்குப் பல நேரம் குறிப்பிட்ட காலத்துக்கே தருகிறார்கள். கல்லூரி சேர்க்கை நேரத்தில் அது காலாவதியாகிவிடாமல் இருக்க, சில மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். முந்தைய சான்றிதழுக்குப் பிறகு சேர்ந்த டிஸ்சார்ஜ் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள்.